ஒரு செட்டு... நாலு காது!

பஸ்ல பார்த்திருப்பீங்க. ரெண்டு பேர், ஒரே இயர்போன், ஆளுக்கு ஒரு காது. சினிமாக்காரங்க இதை ரொமான்ஸ்னு காட்டிக் காட்டி நம்மையும் நம்ப வெச்சுட்டாங்க. ஆனா, ஈ.சி.இ. மூணாவது வருஷம் படிக்கிறவன்கிற முறையில ஒரு உண்மையைப் போட்டு உடைச்சிடறேன். மோனோ செட்டிங்கை ஆன் பண்ணலைன்னா இடது காதுக்காரருக்கு இடது சேனல் மட்டும், வலது காதுக்காரருக்கு வலது சேனல் மட்டும். ஒருத்தருக்கு கிடார் கேட்கும், இன்னொருத்தருக்கு வயலின் கேட்கும். ரெண்டு பேருக்குமே பாதிப் பாட்டுதான். காதலுக்கு ஓகே பாஸ்... பாட்டுக்கு துரோகம்!

முழுப் பாட்டையும் ரெண்டு பேர் சேர்ந்து கேட்கணுமா? அதுக்கு வீட்டுல ஒரு ஹை-ஃபை செட் வேணும். ஒரு ஆம்ப்ளிஃபயர், ரெண்டு பாக்ஸ் ஸ்பீக்கர், பாட்டு கொடுக்க ஒரு சிடி பிளேயரோ செல்போனோ. அவ்வளவுதான். கூடவே உங்களை மாதிரியே காது பைத்தியம் பிடிச்ச இன்னொரு ஜீவன். இந்த நாலாவது அயிட்டம் கடையில கிடைக்காது.

எனக்குக் கிடைச்சான். கிளாஸ்ல பக்கத்து பெஞ்ச். (பேரைப் போட்டா கொன்னுடுவேன்னு சொல்லியிருக்கான். அதனால 'அவன்'னே வெச்சுக்குவோம்.) நான் செங்கல்பட்டு டவுன், கொளவாய் ஏரிப் பக்கம். அவன் மாமல்லபுரம். நடுவுல திருக்கழுக்குன்றம் வழியா சுமார் 30 கிலோமீட்டர் பஸ் பயணம். அவங்க அப்பா சிற்பி, சொந்தமா கல் பட்டறை வெச்சிருக்கார். லீவு நாள்ல இவனும் அங்கதான் வேலை பார்ப்பான்.

தனித்தனியா ஆளுக்கொரு செட் வாங்க ரெண்டு பேர் பாக்கெட்டும் இடம் கொடுக்கலை. சேர்த்து வெச்சு செகண்ட்ஹேண்ட்ல ஒண்ணு வாங்கினோம். இங்க ஒரு பிசினஸ் டிப்ஸ், நோட் பண்ணிக்குங்க. எல்லாத்துலயும் பாதிப் பாதின்னு போடாதீங்க. ஆம்ப் என்னோடது, ஸ்பீக்கர் அவனோடதுன்னு பிரிச்சுக்கிட்டோம். ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் வெறும் சூடான டப்பா, ஆம்ப் இல்லாத ஸ்பீக்கர் வெறும் மரப்பெட்டி. சண்டை வந்தாலும் ஒருத்தனும் ஓட முடியாது! எது ரிப்பேரானாலும் காசு யாருதுங்கற கேள்வியும் கிடையாது.

வாங்கும்போது வாட்ஸைப் பார்த்து மயங்காதீங்க. '1000 வாட்ஸ்'னு ஸ்டிக்கர் ஒட்டின டப்பாக்கள் ஊரெல்லாம் இருக்கு. ஸ்பீக்கரோட பின்பக்கம் 87 டெசிபல், 88 டெசிபல்னு ஒரு நம்பர் இருந்தா அதைப் பாருங்க. ஒரு வாட் கொடுத்தா ஒரு மீட்டர் தூரத்துல எவ்வளவு சத்தம் வரும்கிறதுதான் அந்த நம்பர். ஒரே ஒரு வாட்டுக்கே 87 டெசிபல்னா, சின்ன ரூமுக்கு அது தாராளம். வாட்ஸை ரெண்டு மடங்கு ஆக்கினா கூடறது வெறும் 3 டெசிபல். சத்தம் ரெண்டு மடங்கு ஆன மாதிரி காதுக்குத் தோணவே 10 மடங்கு வாட்ஸ் வேணும். எங்க ஆம்ப் 40 வாட். அதுலயும் முக்கால்வாசி நேரம் சும்மாதான் இருக்கு.

செட் எங்க இருக்கறது? செமஸ்டர் நடக்கறப்போ செங்கல்பட்டு, லீவு விட்டா மாமல்லபுரம். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா கடல்னு ஒரு மூணாவது பார்ட்னர் இருக்கே! மாமல்லையில காத்துலயே உப்பு. ஒரு மாச லீவு முடிஞ்சு செட் திரும்பி வந்தா, ஸ்பீக்கர் வயரோட செம்பு நுனியில பச்சைக் களிம்பு பூத்திருக்கும். வால்யூமைத் திருகினா 'கர்ர்... கர்ர்'. உள்ளே இருக்கிற கார்பன் பட்டை மேல ஈரமும் அழுக்கும் படிஞ்சா வர்ற சத்தம் அது. வயர் நுனியை ஒரு இஞ்ச் வெட்டி எறிஞ்சிட்டு, புதுசா சீவி மாட்டணும். வால்யூம் குமிழுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடையில கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கிடைக்குது. ஆஃப் பண்ணிட்டு ஒரு துளி அடிச்சு 20 தடவை இப்படியும் அப்படியும் திருகினா சத்தம் போயிடும். கடலோரத்துல இருக்கறவங்க செட்டை மூட்டை கட்டி வைக்கறதைவிட தினம் ஒரு மணி நேரம் ஓட விடறது நல்லது. அந்தச் சூடே ஈரத்தை விரட்டிடும்.

பழைய ஸ்பீக்கர் வாங்கறவங்க இன்னொண்ணும் பாருங்க. கோனைச் சுத்தி ஒரு வளையம் இருக்கும். அது ஃபோமா, ரப்பரான்னு விரலால மெதுவா தொட்டுப் பாருங்க. ஃபோம் நம்ம ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பத்துப் பதினஞ்சு வருஷத்துல ரஸ்க் மாதிரி உதிர ஆரம்பிச்சிடும். ரப்பர் ரொம்ப நாள் தாங்கும்.

அதுக்காக மாமல்லபுரம் செட்டுக்கு எதிரின்னு நினைச்சிடாதீங்க. வெளிநாட்டு ஆடியோ பார்ட்டிங்க பிளேயருக்கு அடியில வைக்க கிரானைட் பலகையை டாலர்ல காசு கொடுத்து வாங்கறாங்க. எங்களுக்கு அவங்க அப்பா பட்டறையில மீந்த துண்டு ஓசி! மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அந்தக் கணக்குல எங்க பிளேயர் ஒரு விஐபி கல்லு மேல உட்கார்ந்திருக்கு. ஆனா ஒண்ணு, கல்லைச் சும்மா மேஜை மேல போட்டா பெரிய பிரயோஜனம் இல்லை. கல்லுக்கு அடியில மெத்துனு நாலு ரப்பர் வைக்கணும். கனமான கல்லும் மெத்தான காலும் சேர்ந்தாதான் அதிர்வு மேல ஏறாது. பைக் ஷாக் அப்சார்பர் கதைதான்.

இப்போ மெயின் மேட்டர். ஸ்டீரியோங்கறது அடிப்படையில ஒரு ஆளுக்கான பொருள்!

அதிர்ச்சியா இருக்கா? ஸ்டீரியோவுக்கு பேடன்ட் கேட்டு 1931ல விண்ணப்பிச்சவர் ஆலன் ப்ளூம்லைன். இங்கிலாந்துல இ.எம்.ஐ. கம்பெனியில எஞ்சினீயர். ரெண்டு ஸ்பீக்கரையும் உங்களையும் இணைச்சா சம பக்க முக்கோணம் வரணும். அப்போதான் பாடகர் ரெண்டு பாக்ஸுக்கும் நட்ட நடுவுல, காத்துல நின்னு பாடுவார். அங்கே ஸ்பீக்கரே கிடையாது, உங்க மூளை செய்யற வித்தை அது. ரெண்டு பக்கச் சத்தமும் ஒரே நேரத்துல வந்தாத்தான் அந்த வித்தை நடக்கும்.

நீங்க நடுவுலேர்ந்து 30 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தா என்ன ஆகும்? ஸ்பீக்கர்கள் 2 மீட்டர் இடைவெளின்னா, ஒரு பாக்ஸ் இன்னொண்ணைவிட கிட்டத்தட்ட அதே 30 சென்டிமீட்டர் கிட்ட வந்துடுது. ஒலி நொடிக்கு 343 மீட்டர் ஓடுது. 30 சென்டிமீட்டரைக் கடக்க அதுக்கு ஒரு மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தத் துளி நேரம் போதும், மூளை 'முதல்ல வந்ததுதான் நிஜம்'னு முடிவு பண்ணிடும். பாடகர் நடுவுலேர்ந்து நகர்ந்து பக்கத்து பாக்ஸுக்குள்ள போய் உட்கார்ந்துக்குவார்.

ரெண்டு பேர் தோளோட தோள் ஒட்டி உட்கார்ந்தா ஆளுக்கு 30 சென்டிமீட்டர் தள்ளித்தானே இருப்பீங்க? அவனுக்கு பாடகர் லெஃப்ட்ல, உங்களுக்கு ரைட்ல. நடுவுல யாருக்கும் யாரும் பாடலை. ஃப்ரெண்டைக் கூப்பிட்டு சோபாவுல உட்கார வெச்சு 'எப்படிடா இருக்கு நம்ம செட்?'னு கேட்கிற ஒவ்வொரு வீட்டுலயும் இந்தக் கூத்து நடக்குது.

இதுக்கு எங்க கண்டுபிடிப்பு, பஸ் சீட் டெக்னிக். ஒருத்தன் முன்னாடி தரையில, இன்னொருத்தன் அவனுக்கு நேர் பின்னாடி ஸ்டூல்ல! ரெண்டு பேருமே நடுக்கோட்டுலதான் இருக்கோம், பாடகரும் நடுவுலயே நிக்கிறார். பார்க்கறதுக்கு பேன் பார்க்கிற போஸ் மாதிரி இருக்கும். அம்மா சிரிப்பாங்க. சிரிக்கட்டும். அப்படியெல்லாம் உட்கார கூச்சமா இருந்தா, ரெண்டு பாக்ஸையும் நல்லா உள்பக்கம் திருப்பி வைங்க, ரெண்டோட பார்வையும் உங்களுக்கு முன்னாடியே குறுக்கே வெட்டிக்கிற அளவுக்கு. லெஃப்ட்ல உட்கார்ந்தவனை தூரத்துல இருக்கிற ரைட் பாக்ஸ் நேராப் பார்க்கும். அதனால அதுல சத்தம் கூடும், லேட்டா வர்றதைக் கொஞ்சம் ஈடுகட்டும். முழு வித்தை இல்லை, முக்கால் வித்தை.

மூணாவது வழிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 60கள்ல வந்த தமிழ்ப் பாட்டு கேட்கும்போது ஒரு பாக்ஸை அணைச்சிடுங்க. நிஜமாத்தான்! அதெல்லாம் மோனோ ரெக்கார்டிங். இளையராஜாவோட 'ப்ரியா' (1978) மாதிரி படங்கள் வந்த பிறகுதான் ஸ்டீரியோ நம்ம ஊருக்கு மெல்ல வந்தது. மோனோ பாட்டை ஒரே பாக்ஸ்ல விட்டா லெஃப்ட்டு, ரைட்டு, நடுவுன்னு ஒண்ணும் கிடையாது. யார் எங்க உட்கார்ந்தாலும் ஒரே பாட்டு. அம்மா அடுப்படியிலேர்ந்து கேட்கலாம், அப்பா திண்ணையிலேர்ந்து கேட்கலாம்.

யோசிச்சுப் பார்த்தா, நம்ம ஊர் கேட்கக் கத்துக்கிட்டதே அப்படித்தான். சென்னையில 1924ல ஒரு ரேடியோ கிளப் ஆரம்பிச்சு, காசில்லாம 1927ல படுத்துடுச்சு. அப்புறம் 1930ல மாநகராட்சியே ஒலிபரப்பு தொடங்கி, மெரினாவுலயும் பார்க்குகள்லயும் ஒலிபெருக்கி வெச்சுது. வீட்டுல ரேடியோ வாங்க முடியாதவங்க மணல்ல உட்கார்ந்து கேட்டாங்க. ஒரு செட்டுக்கு நூத்துக்கணக்குல காது! ஜப்பான்ல இன்னொரு தினுசு. போருக்குப் பிறகு வெளிநாட்டு எல்.பி. ரெக்கார்டு அங்க யானை விலை. அதனால 'ஜாஸ் கிஸ்ஸா'ன்னு காபி கடைங்க ஊரெல்லாம் வந்தது. ஒரு காபி காசுக்கு கடைக்காரரோட பெரிய ஸ்பீக்கர்ல மணிக்கணக்கா கேட்கலாம். பல கடையில பேசக்கூடாதுன்னு ரூல்! அந்த ரூலை மட்டும் எங்க ரூமுக்கு இறக்குமதி பண்ணியிருக்கோம். பாட்டு ஓடும்போது நோ கமென்ட்ஸ். முடிஞ்ச பிறகு எவ்வளவு வேணா அடிச்சுக்கலாம்.

அடிச்சுக்கவும் செஞ்சோம். சண்டைக்குக் காரணம் ட்ரெபிள்.

நான் எந்திரிச்சு தண்ணி குடிக்கப் போனா போதும், திரும்பி வர்றதுக்குள்ள ட்ரெபிள் குமிழ் மூணு மணிக்குப் போயிருக்கும். ஜால்ரா சத்தம் ஊசி மாதிரி காதுல இறங்கும். "ஏன்டா இப்படி ஏத்தற?"ன்னா, "மச்சி, போர்வை போர்த்தின மாதிரி இருக்குடா பாட்டு"ம்பான். ஆடியோ பைத்தியங்களுக்குள்ள டேஸ்ட் சண்டை சகஜம்தான். ஆனா நாங்க எஞ்சினீயரிங் பசங்க, அளந்து பார்க்காம விடுவோமா? அன்னைக்கு சாயங்காலமே ஒரு டெஸ்ட் வெச்சோம்.

செல்போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப்பை ஆம்ப்ல இணைச்சு, வால்யூமைக் குறைச்சு வெச்சுக்கிட்டு, ஒருத்தன் இயக்க இன்னொருத்தன் கண்ணை மூடி, சத்தம் கேட்டா கையைத் தூக்கணும். மனுஷக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும்னு புக்ல போட்டிருக்கும். மேல் எல்லை வயசாக ஆக இறங்கிக்கிட்டே வரும். நான் 16,000 வரை கை தூக்கினேன். அவன் 11,000ல நிறுத்திட்டான். சரி, ஸ்பீக்கர் ட்வீட்டர் கோளாறோன்னு இடத்தை மாத்திப் பார்த்தோம். அதே நம்பர். இதைவிட எனக்குப் பக்குனு ஆனது 4,000 ஹெர்ட்ஸ்ல. அது எல்லாருக்கும் சுலபமா கேட்க வேண்டிய இடம். எனக்கு நல்லாக் கேட்ட அளவுல அவன் கை தூக்கலை. வால்யூமை நல்லா ஏத்தின பிறகுதான் தூக்கினான்.

ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. ஒரே கிளாஸ்.

செல்போன் டெஸ்ட் டாக்டர் சர்டிபிகேட் ஆகாது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில காது-மூக்கு-தொண்டை பிரிவுக்குப் போனோம். சத்தம் புகாத ரூம்ல ஹெட்போன் மாட்டி, 250லேர்ந்து 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொண்ணா சோதிச்சு கிராஃப் போட்டுக் கொடுத்தாங்க. அதுக்குப் பேர் ஆடியோகிராம். அவனோட கோடு சமமா வந்து, 4,000 கிட்ட மட்டும் பள்ளத்துல விழுந்து, திரும்ப மேலே ஏறுது. டாக்டர் கிராஃபைப் பார்த்துட்டு கேட்ட முதல் கேள்வி: "எங்கப்பா வேலை செய்யற?"

பட்டறைன்னா உளியும் சுத்தியும்னு நீங்க நினைப்பீங்க. இப்போ முக்காவாசி வேலை கட்டிங் மிஷின்லயும் கிரைண்டர்லயும்தான். கல்லு மேல கிரைண்டர் பட்டா பக்கத்துல 100 டெசிபல் சாதாரணம். அமெரிக்காவோட வேலையிட சுகாதார அமைப்பு (நியோஷ்) சொல்ற கணக்கு, 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைக்கும்தான். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். போட்டுப் பாருங்க, 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்! அவன் லீவு நாள் முழுக்க நிக்கிறான். உள்காதுல இருக்கிற முடி செல்கள் செத்தா திரும்ப முளைக்காது. சத்தத்தால வர்ற சேதம் பெரும்பாலும் 3,000-6,000 ஹெர்ட்ஸ்லதான் முதல்ல பள்ளம் தோண்டும். 'ச', 'ஸ', 'ஷ' மாதிரி எழுத்துகளோட கூர்மை அந்தப் பக்கம்தான் இருக்கு. கிளாஸ்ல அவன் அடிக்கடி "என்னாது?"ன்னு கேட்கறதுக்கும் அதுதான் காரணம். தனியா கேட்டுக்கிட்டு இருந்தா இன்னும் பத்து வருஷம் ட்ரெபிளை ஏத்திக்கிட்டேதான் இருந்திருப்பான். பக்கத்துல இன்னொரு ஜோடி காது இருந்ததாலதான் வித்தியாசம் தெரிஞ்சுது.

'நாங்க என்ன கல்லா உடைக்கிறோம்?'னு கேட்கிற இயர்பட்ஸ் கோஷ்டிக்கும் ஒரு நம்பர் இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்ன வரம்பு, வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். அதுவே 90 டெசிபல்னா வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம். கல்ச்சுரல்ஸ்ல ஸ்பீக்கர் பக்கத்துல ஆடற அளவுக்கு, அதாவது 100 டெசிபலுக்கு, வாரம் பூரா சேர்த்து அரை மணிகூடக் கிடையாது.

இதை அவங்க அப்பாகிட்ட சொல்லத்தான் நான் பஸ் ஏறிப் போனேன். காதுக்கு மாட்டற மஃப் ரெண்டு ஜோடி வாங்கிட்டுப் போயிருந்தேன். மனுஷன் கையில வாங்கிப் பார்த்துட்டு, "காதை மூடிக்கிட்டா எப்படி தம்பி வேலை செய்யறது? கல்லு நல்லதா, உள்ளே விரிசல் இருக்கான்னு சத்தம்தானே சொல்லும்"னார். எனக்கு வாயடைச்சுப் போச்சு. அவர் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. சிற்ப சாஸ்திரத்துல கல்லைத் தட்டி, வர்ற ஓசையை வெச்சே ஆண் கல், பெண் கல், அலிக் கல்னு பிரிப்பாங்க. மணி மாதிரி கணீர்னு ஒலிச்சா ஒண்ணு, ஓசையே இல்லாட்டி சிலைக்கு ஆகாது. மாமல்லபுரத்துல சிற்பக்கலை சொல்லிக்கொடுக்கிற அரசு கல்லூரி 1957லேர்ந்து இருக்கு. அதுக்கெல்லாம் பல நூறு வருஷம் முன்னாடியிலேர்ந்து காதும் இந்தத் தொழிலுக்கு ஒரு கருவி.

இவன்தான் சமாளிச்சான். "அப்பா, தட்டிப் பார்க்கறப்போ கழட்டிடுங்க. மிஷின் ஓடறப்போ கல்லு பேசறது யாருக்குப்பா கேட்குது?"ன்னான். அவர் பதில் சொல்லலை. ஆனா மஃபைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. இப்போ மிஷின் போட்டா மாட்டிக்கிறாராம், பாதி நாள். தூசிக்கு மூக்குல மாஸ்க் மாட்டறதுக்கு இன்னும் ஒத்துக்கலை. அது அடுத்த போராட்டம். இவன் மஃப் இல்லாம மிஷின் பக்கம் போறதில்லை.

செட்டுல புது ஒப்பந்தம் போட்டிருக்கோம். பாட்டு யார் போட்டதோ, ட்ரெபிள் அவனோடது. முன் சீட்டும் அவனுக்கே. வால்யூம் மட்டும் ரெண்டு பேருக்கும் பொது, ஸ்டூல்கிட்ட செல்போன் மீட்டர் 75ஐத் தாண்டக்கூடாது. (செல்போன் மீட்டர் அஞ்சாறு டெசிபல் பொய் சொல்லும். அதுக்குத்தான் 80க்கு முன்னாடியே பிரேக்.) அவன் முறை வரும்போது ஜால்ரா எனக்கு இன்னும் ஊசியாத்தான் இறங்குது. சத்தம் கம்மியா இருக்கறதால தாங்கிக்கலாம். அவன் ஆடியோகிராமை ஆறு மாசம் கழிச்சு திரும்ப எடுக்கச் சொல்லியிருக்காங்க.

செமஸ்டர் லீவு வருது. செட் மாமல்லைக்குப் போகுது. பஸ்ல ஆம்ப் என் மடியில, பாக்ஸ் ரெண்டும் அவன் காலடியில. வயர் மட்டும் இந்த தடவை ஒரு மீட்டர் எக்ஸ்ட்ரா வாங்கி வெச்சிருக்கேன், களிம்புக்கு வெட்ட.